வெள்ளகவிக்குக் கொண்டுபோன செருப்புப் படம்

எங்கள் பல்கலைக்கழகம் நர்சிங்குக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியிருந்த புதிது. அதுவரை ஆஸ்பத்திரிப் பள்ளிகளில்தான் அந்தப் படிப்பு. வார்டில் படுக்கை விரித்து, ஊசி போட்டுக் கற்றுக்கொள்வார்கள். எங்களுக்கோ சமூகவியல், உளவியல், போதாததற்கு மலைக்கிராமம். படித்து முடித்தால் நாங்கள் நர்ஸா வாத்தியாரா என்பது எங்களுக்கே விளங்கவில்லை.

கிராமத்தில் ஒரு சுகாதாரப் பாடம் நடத்த வேண்டும். கேட்டவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி, செய்தும் காட்டினால்தான் தேர்ச்சி. இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு மறுபடி இதே மலை. நான் முந்திக்கொண்டு கொக்கிப்புழுவை எடுத்தேன். மண்ணிலிருக்கும் புழு வெறுங்கால் வழியே உடம்புக்குள் ஏறும்; ஆகவே செருப்புப் போடுங்கள். சார்ட்டில் சிவப்பு வார் வைத்துப் பெரிய செருப்பு வரைந்தேன்.

எனக்கு ஒதுக்கிய கிராமம் வெள்ளகவி. நானும் எங்கள் ஆசிரியையும் கோடைக்கானலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். ஊர் எல்லையில் விறகுச்சுமையோடு வந்த அக்கா ஒருத்தி மறித்தாள்.

“செருப்ப அங்கனயே கழட்டிருங்க தாயி. ஊரே கோயிலு. உள்ள யாரும் போடுறதில்ல.”

ஆசிரியை உடனே கழற்றினார். நானும் கழற்றினேன். கையில் சுருட்டி வைத்திருந்த செருப்பை என்ன செய்வது?

பெண்கள் கூடியதும், “ஆரம்பிம்மா” என்று ஆசிரியை நோட்டைத் திறந்தார். வேறு வழியின்றி சார்ட்டை விரித்தேன்.

“கால்ல கெடந்ததக் கழட்டச் சொன்னா, தலைக்கு மேல தூக்கிப் புடிக்குதே இந்தப் புள்ள!” என்றாள் அந்த அக்கா. ஒரே சிரிப்பு.

அவசரமாகப் பேச்சை மாற்றினேன். “வெளிக்குப் போற எடத்து மண்ணுலதான்கா இந்தப் புழு இருக்கும்.”

“அது எல்லைக்கு அந்தாண்டதான கெடக்கு.”

“அங்க செருப்புப் போட்டா தப்பா?”

“அங்க என்ன தப்பு? வெளிய செருப்பு, உள்ள வெறுங்காலு. அம்புட்டுத்தானே? சோலி கெடக்கு, நான் வாரேன்” என்று எழுந்து போய்விட்டாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

“திருப்பிச் சொல்லிட்டாங்க. செய்வாங்களா?” என்றார் ஆசிரியை.

“தெரியல மிஸ்.”

எல்லைக்கு வந்தோம். அவருடைய செருப்பு இருந்தது, என்னுடையதைக் காணோம். சற்றுத் தள்ளி, புதர்ப் பக்கமாக, அந்த அக்கா என் செருப்பை மாட்டிக்கொண்டு வெரசாகப் போய்க்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாயெடுத்தேன்.

“சும்மா இரும்மா,” என்று ஆசிரியை நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். “செய்றாங்க.”

ஏறவேண்டிய பாதையையும் என் கால்களையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றேன்.