நஷ்டத்தைத் தலையில் போட்டுக்கொண்டவர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. டீ டம்ளர்கள் மேஜைக்கு வந்த நேரத்தில் தாம்பரம் சாலைத் திட்ட அலுவலகத்தில் தொலைபேசி மணி அடித்தது. கீழ்க்கட்டளை லோகநாதன் பேசினார்.

"ஜெயசீலிம்மா, நம்ம தனசிங் சார் பூட்டாரும்மா. மத்தியானம் துன்னுட்டுப் படுத்தவரு, எழுந்துக்கல."

தட்டச்சு வேலை பார்க்கும் ஜெயசீலி முதலில் நம்பவில்லை. தனசிங் சம்பந்தப்பட்ட துக்கச் செய்தி எதையும் உடனே நம்பக் கூடாது என்பது அவளுடைய அனுபவம். அவற்றில் பாதி அவரே தயாரித்தவையாக இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன், தொண்ணூற்றேழில், தனசிங் அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர். அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் சேர்ந்து கீழ்க்கட்டளை வழியாக ஒரு சாலை போடுவதாக ஏற்பாடு. நிலம் கொடுத்த ஊர்க்காரர்களுக்கு லோகநாதன் தலைவர். உள்ளூர் வண்டிக்குச் சுங்கம் கூடாது என்றார். கம்பெனி மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் இருபது வருடம் சுங்கம் வசூலிக்க வேண்டும் என்றார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் இருவரும் கையெழுத்துப் போடாவிட்டால் திட்டம் ரத்து. அலுவலகத்தை மூடிவிடுவார்கள். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த தனசிங், சேலையூரில் அப்போதுதான் கிரகப்பிரவேசம் முடித்த வீட்டைப் பூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு மாற்றலாகிப் போக வேண்டும்.

அவர் இரண்டு கட்சிக்காரர்களையும் ஒரே அறையில் உட்காரவிடவில்லை. ஃபைலைத் தன் டி.வி.எஸ். ஐம்பதில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் போனார். லோகநாதனிடம், "பதினெட்டு வருஷம்னு குறைச்சதும் மேனேஜர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடலை, பாவம்" என்றார். மேனேஜரிடம், "டிராக்டருக்கும் பைக்குக்கும் மட்டும்தான் ஃப்ரீ, லாரிக்குக் கிடையாதுன்னதும் லோகநாதனுக்கு வீட்ல ஒரே சண்டை" என்றார். எதிராளி அழுகிறான் என்று தெரிந்தால் போதும், தனக்குக் கிடைத்தது தாராளமாகத் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தைப் பதினோரு முறை அடித்த ஜெயசீலி இதைக் கண்ணால் பார்த்தவள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி தவறு செய்தவளும் அவள்தான். தனசிங் பெரிய இன்ஜினியரிடம் முத்திரை வாங்கப் போயிருந்தார். நல்ல காரியம்தானே என்று இருவரையும் பதினோரு மணிக்கே வரச்சொல்லி, எதிரெதிரே உட்காரவைத்து, வடை வாங்கிக் கொடுத்தாள்.

லோகநாதன் இளகிய மனசுக்காரர். "வருத்தப்படாதீங்க சார். உடம்பைப் பாத்துக்கோங்க. சாப்டாம இருந்தா இன்னா ஆவறது?" என்றார்.

"எனக்கென்ன வருத்தம்? ஃபர்ஸ்ட் கிளாஸ் டீல். நீங்கதான் வீட்ல சண்டையும் சச்சரவுமா இருக்கேளாமே."

"யாரு, நானா?" லோகநாதன் கையில் இருந்தது மூன்றாவது வடை. "எங்க வூட்டம்மா நேத்து பாயசம் வச்சுது சார்."

இருவரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். இரண்டு பேனாக்களும் மூடப்பட்டன.

"ஜெயசீலிம்மா, அவரும் சிரிச்சுகினு கீறாரு, நானும் சிரிச்சுகினு கீறேன். அப்ப ஏமாந்தவன் எவன்?"

"எக்ஸாக்ட்லி" என்றார் மேனேஜர். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பன்னிரண்டரைக்கு தனசிங் மாடிப்படி ஏறி வந்தார். ஜெயசீலி படியிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெளியில சொல்லாதீங்க. நஷ்டம் எங்களுக்குத்தான்."

"கவர்மென்டுக்கா?" என்றார் லோகநாதன், ஆவலாக.

தனசிங் ஜன்னல் வழியே பார்த்தார். எதிரே தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் தலையில் முந்தானையும் செய்தித்தாளும் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்கள்.

"கீழ்க்கட்டளை ஸ்டாப்புல நிழற்குடை கட்டறது எங்க பொறுப்புன்னு எழுதணும். அதுக்குப் பண ஒதுக்கீடு கிடையாது."

ஒதுக்கீடு இல்லாத வேலையை ஏற்றுக்கொண்ட அலுவலகம் காசுக்கு வாசல் வாசலாக அலைய வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். மேனேஜர் உச்சுக் கொட்டினார். "அடடா, உங்க மேலிடத்துக்காரா உங்களை நன்னா மாட்டி விட்டுட்டாளே." பேனாவைத் திறந்தார். லோகநாதன் அவரை முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த வடையைத் தனசிங் பக்கம் நகர்த்தினார்.

ஒப்பந்தத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிய அந்த ஒரு வரியை அலுவலகம் மறந்துவிட்டது. தனசிங் மறக்கவில்லை. சேலையூர் வீட்டிலேயே ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருமுறை டி.வி.எஸ். ஐம்பதில் வந்தார். லோகநாதன் எதுவும் தரமாட்டாராம் என்று சொல்லி மேனேஜரிடம் நாலு இரும்புத் தூண் வாங்கினார். கம்பெனி வெறும் தூணோடு கைகழுவிவிட்டது என்று சொல்லி லோகநாதனிடம் நாலு கூரைத் தகடு வாங்கினார்.

அவர் போவதற்குள் மூன்று தகடுகள் போட்டாகிவிட்டது. நான்காவது, பக்கத்துப் பெட்டிக்கடைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இன்னும் எட்டு போல்ட் வேண்டும்.