எங்கள் லாரி காலியாகத் திரும்பாது

தஞ்சாவூருக்கு ரயில் வந்ததும், இனி மாட்டுவண்டிக்கு வேலையில்லை என்று அரியலூர்ப் பக்கம் பலர் வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவற்றை வாங்கிப் போட்டவர் எங்கள் பூட்டனார். ரயிலா ஊர் ஊராக வந்து பருத்தி ஏற்றப்போகிறது, தஞ்சாவூர் வரைக்கும் யாராவது கொண்டுபோய்த்தானே ஆகவேண்டும் என்பது அவர் எண்ணம். மற்றவர்கள் பருத்தியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்ப, அவர் மட்டும் உப்பு ஏற்றி வந்தார். நாலைந்து வண்டி நூறு வண்டியானது அப்படித்தானாம். காலி வண்டி வீடு திரும்பக் கூடாது என்பது அவர் கட்டளை. வண்டிகள் போய் லாரிகள் வந்த பிறகும் எங்கள் வீட்டில் அது வேதவாக்கு.

எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயது. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, கல்யாணமான வருஷத்திலேயே மூன்றாவது தடவையாகப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வரும்போதெல்லாம் கையில் ஏதாவது காயம் இருக்கும். கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்பாள். அத்தை வாழ்க்கைப்பட்ட திருமழபாடியில் அவ்வளவு பாசியா என்று எனக்கு ஆச்சரியம். இந்த முறை மாமாவைக் குளிர்விக்க பீரோ, கட்டில், நெல் மூட்டைகள் என்று சீர் ஏற்றி, அத்தையையும் லாரியிலேயே கொண்டுபோய் விட்டார் அப்பா. நானும் தொற்றிக்கொண்டேன்.

சீரை இறக்கியதும் லாரி காலி. அறுவடைக் காலமும் இல்லை. டிரைவர் ஊரைச் சுற்றிவிட்டு வந்து தலையைச் சொறிந்தார்.

"லோடு ஒண்ணும் கெடைக்கலீங்க முதலாளி."

வாசலில் நின்ற அத்தை சிரித்தாள். "வண்டி காலியாப் போவக் கூடாதுல்ல? என்னைய ஏத்திக்கிட்டுப் போயேன் அண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தேன். அப்பா கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொள்ளிடத்துல மணல் அள்ளிப் போடு" என்றார் டிரைவரிடம்.

ஈர மணல் மேல் மல்லாந்து படுத்தபடி ஊர் திரும்பினேன். முதுகெல்லாம் குளிர்ச்சி. கண் செருகிக்கொண்டு வந்தது. ஆற்றுக்குள்ளிருந்து பூட்டனாரின் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கரையேறி வந்தன. மாட்டு மணி கேட்டது. மேலே வெள்ளை வெள்ளையாகப் போனது பருத்தியா மேகமா, தெரியவில்லை. அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் போனதில்லை.

வீட்டுக்கு வந்ததும் குதித்திறங்கி ஓடி, வண்டி காலியாக வரவில்லை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்து வாசலுக்கு ஓடினாள். லாரிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மணலா?" என்றவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நல்ல மணல்தானே, இதற்கு எதற்கு அழவேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.