வீட்டு ஆள் விலை

சொந்தக்காரர்களிடம் வண்டி வாங்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனேன். என் கணவருக்கு அவருடைய அக்கா புருஷன் என்றால் சாமிக்கு அடுத்தபடி. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கிளம்பினால்கூட அந்த மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். எனக்கு அந்த ஆள் அண்ணன் முறை. முறைக்காகக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

தேரடி வீதிக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து சாமை, தேன், புளி வாங்கி வந்து விற்கிறோம். போன மழைக்காலத்தில் மலைமேல் ஒரு செம்மண் ஏற்றத்தில் எங்கள் பழைய மினி லாரி வழுக்கிப் பின்னாலேயே வந்து பள்ளத்தில் சாய்ந்தது. ஓட்டியவர் என் கணவர். கால் முறிந்து, தகடு வைத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். இன்றைக்கும் மழை பெய்தால் அந்தக் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் இல்லாமல் இனி அந்த ஏற்றத்தில் அவரை ஏற விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அவர் படுத்திருந்தபோது நான்தான் மலைக்காரர்களின் ஜீப்பில் போய்ச் சரக்கு எடுத்து வந்தேன். வண்டி எங்கேயாவது நின்றுபோனால் டிரைவரோடு நானும் அடியில் குனிந்து பார்ப்பேன். நடுவிலிருந்து பின்சக்கரங்களுக்கு ஓர் இரும்புத் தண்டு போகும், முன்சக்கரங்களுக்கு ஒன்று போகும். ஷாஃப்ட் என்பார்கள். முன்னால் போகும் தண்டு இல்லாவிட்டால் அது ஜீப் மாதிரி இருக்கும் சாதாரண வண்டி.

மாமா வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் கார் வாங்கிவிட்டார். பழைய ஜீப்பை நிறுத்த இடமில்லை. கேள்விப்பட்டதும் என் கணவர் காலையிலேயே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “நல்லாத்தான் இருக்கு” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் இருவரும் போனோம். காபி வந்தது. மூன்றரை லட்சம் என்றார் மாமா. வண்டியின் வயசையும் தேய்ந்த டயரையும் சொல்லி இரண்டே முக்கால் என்றேன். அவர் டம்ளரை ணங்கென்று வைத்தார்.

“ஏம்மா, வீட்டு ஆளுங்ககிட்டயே பேரம் பேசுவியா? வெளியாளா இருந்தா நாலு சொல்லியிருப்பேன். உங்களுக்குனுதான் கம்மியா சொன்னேன்.”

“வெளியாளா இருந்தா நானும் ரெண்டுலதாண்ணா ஆரம்பிச்சிருப்பேன்.”

என் கணவர் என் காலை மிதித்தார். அவரால் மாமா எதிரில் விலை பேச முடியாது. அக்காவைக் கட்டியவரிடம் பேரம் பேசுவது அவர்கள் வீட்டில் அக்காவையே விலை பேசுவது போல. பேசுகிற வேலை என்னிடம் வந்தது, கெட்ட பெயரும் என்னிடமே வந்தது.

“ஓட்டிப் பாத்துட்டுப் பேசு” என்று மாமா சாவியை எடுத்தார். எங்களை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் அவரே ஓட்டினார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம், அப்படிப்பட்ட ரோடு. அதில் ஒரு லீவரைப் பிடித்து இழுத்து, “பாத்தியா, ஃபோர் வீல் விழுந்துடுச்சு. எப்படி இழுக்குது பாரு!” என்றார். எதை இழுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அடி அண்ணாமலை பக்கம் வந்ததும், “அண்ணா, அந்த ஏரிக்குள்ள கொஞ்சம் இறக்கிக் காட்டுங்க. சேறு இருக்கு, தெரிஞ்சிடும்” என்றேன்.

“சாமி மலையச் சுத்துற வண்டிய சேத்துல இறக்கச் சொல்றியே, நல்லா இருக்கா?” என்று அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. எனக்கு அதைவிட அதிகமாகச் சிவந்தது. ஆனால் பின்சீட்டில் என் கணவர், “வேணாம், விடு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பாதை ஓரத்துப் பிள்ளையார் கோயில் வாசலில் மாமா வண்டியை நிறுத்தினார். நான் இறங்குவதற்குள் வண்டிக்குப் பூமாலை வந்துவிட்டது. குருக்கள் முன்கண்ணாடிக்கு மேல் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்! பூஜை போட்டு, சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிவிட்டால், ஊர்க் கண்ணுக்கு அது எங்கள் வண்டி. அதற்கப்புறம் விலையைப் பற்றி வாய் திறந்தால் நான் சாமி குத்தம் செய்தவள். பேரம் முடியாமலே என் தலையில் கட்டப் பார்த்தார்.

“சாமி முன்னாடி ஒரே வார்த்தை. மூணேகால். நீயே உன் கையால பழத்த வைம்மா. நீதானே வீட்டு மகாலட்சுமி” என்று நாலு பழத்தையும் என் கையில் திணித்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான் சாமி தெரியாதவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். பின்சக்கரம் இரண்டுக்கும் வைத்தேன். முன்னால் ஒன்று வைத்தேன். கடைசிப் பழம், ரோடு அங்கே சரிவாக இருந்ததால், உருண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டது. புடவையைச் சொருகிக்கொண்டு ரோட்டில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். பழம் கைக்கு வந்தது. தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். பின்னால் போகும் தண்டு கிரீஸ் பூசிக்கொண்டு ஜம்மென்று இருந்தது. முன்னால் போக வேண்டியதைக் காணோம். அது மாட்டுகிற இடத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

எழுந்து மண்ணைத் தட்டினேன்.

“அண்ணா, முன் ஷாஃப்ட் எங்க?”

குருக்கள் கற்பூரத் தட்டோடு நின்றுவிட்டார். மாமா ஒரு கணம்தான் திணறினார். “அதுவா? டீசல் ஜாஸ்தி குடிக்குதுனு கழட்டிட்டேன். பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். ஊருக்குள்ள ஓட்ட அது எதுக்கு?”

“ஊருக்குள்ள ஓட்டவா கேட்டோம்? எந்த ஏத்தத்துக்குனு உங்களுக்குத் தெரியாது? ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்து இவர் கால தடவிப் பாத்தீங்களே!”

“சரி, சத்தம் போடாத. ஒரு இருபதாயிரம் கம்மி பண்ணிக்கறேன்.”

என் புருஷன் காலுக்கு இவர் போட்ட தள்ளுபடி இருபதாயிரம். “விலைய அப்புறம் பேசலாம். மொதல்ல ஷாஃப்ட்ட வாங்கி மாட்டுங்க. மழை பெஞ்ச மறுநாள் அதே ஏத்தத்துல நீங்களே ஓட்டுங்க. அண்ணியும் பக்கத்துல உக்காரட்டும். மேல போய்ச் சேந்துட்டா மூணரையே தர்றேன், ஒரு ரூபா குறைக்க மாட்டேன்.”

“அந்த ரோட்டுல மனுஷன் போவானா?” என்றார் மாமா.

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வைத்த மூன்று பழங்களையும் சக்கரங்களுக்கு அடியிலிருந்து எடுத்தேன். குருக்களின் தட்டில் தட்சணை போட்டேன், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஓர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

பாதி வழியில் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். “எனக்குக் காலையிலயே தெரியும். குனிஞ்சு பாத்தேன்.”

நான் அவரையே பார்த்தேன்.

“மாமாகிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா அவர் பொய் சொன்னதா ஆயிடும்ல? மனசு நோகும். வாங்கிட்டு, அப்புறமா நாமளே ஒண்ணு மாட்டிக்கலாம்னு இருந்தேன்.”

இவர் மேல் வந்த கோபத்துக்கு முன்னால் மாமா மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை. “அதுவரைக்கும் மழை பெய்யாம இருக்குமா? வண்டி பின்னாடி வர்றப்போ மாமா மனசு நோகக் கூடாதுன்னு அதப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களா? நான் யார் மனசப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?” என்று ஆட்டோவிலேயே கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

நாத்தனார் வீட்டோடு பேச்சு நின்றுபோனது. கெட்ட பெயர் எனக்குத்தான். இரண்டு மாதம் கழித்து வேலூர் பக்கம் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு ஜீப் பார்த்தோம். எந்த முறையும் இல்லாததால் மனம் குளிரப் பேரம் பேசினேன். பணத்தை எடுப்பதற்கு முன்னால் என் கணவரை வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னேன். தகடு வைத்த காலை மெதுவாக மடக்கிப் படுத்தார்.

“இருக்கு” என்று அடியிலிருந்து முனகினார்.

“எனக்குக் கேட்டா போதாது. விக்கறவருக்குக் கேக்கணும்” என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருக்கு. ஆனா போல்ட்டு ரெண்டு குறையுது. அத மாட்டிக் குடுங்க, அப்புறம் விலையப் பேசலாம்” என்று உரக்கச் சொன்னார்.