பத்துக் குரல், ஒன்பது பிள்ளைகள்

1. கடித்த மீன்

துபாயில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் அட்டெண்டராகச் சேர்ந்த முதல் நாள், என் வண்டியில் இருந்த கே.ஜி. வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரில் நாலு பேர் அழுதார்கள். ஒருத்தி என் துப்பட்டாவிலேயே வாந்தி எடுத்தாள். டிரைவர் காதர் பாய் காயல்பட்டினத்துக்காரர், நான் தூத்துக்குடி. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, ஏதாவது பாட விடுங்க. இல்லன்னா அல் கூஸ் சிக்னல் வாரதுக்குள்ள மிச்ச ஆறும் சேந்து அழும்."

எனக்கு இங்கிலீஷ் பாட்டு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளே ஆரம்பித்தார்கள். ஐந்து வரை எண்ணி ஒரு மீனைப் பிடிப்பார்கள். பத்து வரை எண்ணி அதை விட்டுவிடுவார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், விரலைக் கடித்துவிட்டதாம். எங்கள் ஊரில் என்றால் கடித்த மீன் அன்றைக்கே குழம்பில் கிடக்கும். ஆனால் அழுத நாலு பேரும் 'டென்' வரும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே கத்தினார்கள். எல்லாரும் நாலு வயதில் படிக்கிற பாட்டை நான் நாற்பது வயதில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு படித்தேன். வெட்கமெல்லாம் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

2. என் கண்டுபிடிப்பு

இரண்டாவது மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுத்தேன். பள்ளி வாசலில் இறங்கி வரிசையில் நின்றதும் பாட்டு. அவரவர் எண்ணை அவரவர்தான் சொல்ல வேண்டும். பத்துக் குரலும் வந்தால் பத்துப் பேரும் இறங்கியாயிற்று. ஒரு எண் விட்டுப்போனால் முதலிலிருந்து பாட வேண்டும். தலையைத் தொட்டு எண்ணும் மற்ற அட்டெண்டர்களிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

வண்டியின் கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டன் உண்டு. என்ஜினை அணைத்தால் அலாரம் கத்தும். யாராவது பின்னால் வரை நடந்து போய் அமுக்கினால்தான் நிற்கும். போகிற வழியில் எந்த சீட்டிலாவது பிள்ளை தூங்குகிறதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. அது என் வேலை.

3. ஏழாம் எண்

மே மாதம், நல்ல வெயில். ரோட்டில் ஏதோ ஆக்ஸிடென்ட், பஸ் லேட். நாங்கள் இறங்கும்போதே பெல் அடித்துவிட்டது.

"நீங்க பிள்ளைகளக் கூட்டிட்டு ஓடுங்க தங்கச்சி, பட்டன நான் அமுக்கிக்கிடுதேன்" என்றார் காதர் பாய்.

வரிசை நின்றது, பாட்டு ஓடியது. ஒன்று முதல் பத்து வரை ஒரு எண்ணும் பிசகவில்லை. "பத்தும் இறங்கியாச்சு பாய்" என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். அவர் வண்டியைப் பின்பக்க பார்க்கிங்கில் போட்டு, பட்டனை அமுக்கி, கதவைப் பூட்டிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார்.

வகுப்பு வாசலில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கைபிடித்து உள்ளே விட்டார். ஒன்பதாவது பிள்ளையோடு வரிசை முடிந்தது.

"நிலா இன்னிக்கு ஆப்சென்ட்டா?"

நிலாதான் ஏழு. காலையில் நான்தான் அவளுக்குப் பெல்ட் போட்டேன். பார்க்கிங்குக்கு எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. "பாய், சாவி! சாவி!" என்று நான் கத்தியதைக் கேட்டு அவர் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

கடைசிக்கு முந்தின சீட்டில், பையைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகம் சிவந்து, தலையெல்லாம் நனைந்திருந்தது. தோளைத் தொட்டு உலுக்கினேன். கண்ணைத் திறக்காமலே "செவன்!" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நர்ஸ் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. எட்டாம் எண் ஆஹனாவைக் கூப்பிட்டேன்.

"ஏழு யாரும்மா சொன்னா?"

"நான்தான் ஆண்ட்டி. நிலா வாஸ் ஸ்லீப்பிங். செவன் இல்லன்னா அகெய்ன் ஃப்ரம் ஒன் பாடணும்ல? வீ வேர் லேட்."

அவள் மேல் என்ன தப்பு? ரூல் போட்டது நான்.

4. சொன்னது

காதர் பாய் என்னைத் தனியே கூப்பிட்டார். "பட்டன மட்டும்தான் பாத்தேன் தங்கச்சி, சீட்டப் பாக்கல. புள்ள நல்லாத்தான இருக்கு? வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரு விசாவும் கலாஸ், ஊருக்குப் போவ வேண்டியதுதான்."

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கும் வீட்டு வாடகை நினைவுக்கு வந்தது. ஆனால் மறைத்துவிட்டு நாளைக் காலை அந்தப் பிள்ளையின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"பாட்டுப் பாடியா கவுண்ட் எடுத்தீங்க?" என்று இன்சார்ஜ் மேஜையில் தட்டினார். "இது பஸ்ஸா, பாட்டு கிளாஸா?" இரண்டு பேருக்கும் வார்னிங் லெட்டர். இன்னொரு முறை என்றால் வேலை இல்லை. நிலாவின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நான் சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவர்கள் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். அம்மா கோயம்புத்தூர்க்காரர், பேங்க் வேலை. மகளைக் கீழேயே நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினார். நேரே பின்னால் நடந்து, அந்த சீட்டில் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார். கண் வீங்கியிருந்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

"ஆமாங்க."

"அதனாலதான் அனுப்பறேன்."

கீழே இறங்கி, மகளைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

இப்போதும் எங்கள் வண்டியில் பாட்டு உண்டு. வழி முழுக்கப் பாடுவோம். வண்டி நின்றதும் பாட்டை நிறுத்திவிடுவேன். ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணி இறக்கிவிட்டு, குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் பாட்டையும் சொல்லிக்கொடுக்கிறேன், கூடவே இதையும்: பாடுவது பிள்ளைகள் வேலை. எண்ணுவது நம் வேலை. அதை ஒரு நாளும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.