எழுந்து சிரி

நேற்று ஜெரோமின் அம்மா போனில் கூப்பிட்டார்கள். மகன் போய் வருஷம் திரும்பப் போகிறது. "அய்யா, நீங்கள்லாம் சேந்து படம் எடுத்தியள்லா, அதுல அவன் சிரிக்குத மாதிரி ஏதும் இருக்கா? வீட்டுல போட்டோதான் கெடக்கு. ஆடாம அசையாமப் பாக்குதான்." தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துத் துடைத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில், மே மாத வெக்கையில் நடந்த சினிமாப் பட்டறை அது. படத்தை வெட்டி ஒட்டிய கம்ப்யூட்டர் அறையின் கருகல் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. தொப்பி வைத்திருந்த ஒரே காரணத்துக்காக என்னை இயக்குநர் ஆக்கினார்கள். அதற்கு மேல் தகுதி வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மாணவர்கள் எடுக்கும் முதல் படம் என்றால் யாராவது சாகத்தானே வேண்டும்? எங்கள் கதையில் ஆற்றில் ஒரு பிணம் ஒதுங்கியது. பிணமாக ஜெரோம். கடற்கரை ஊர்க்காரன், எங்களில் நீச்சல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

குறுக்குத்துறைப் படித்துறையில் பாசி வழுக்கும் தண்ணீரில் அவனை மல்லாக்கப் படுக்க வைத்தோம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏலே, வெளையாட்டுக்குக்கூட அப்படிக் கெடக்காதலே" என்று சத்தம் போட்டுவிட்டு, பாதித் துணியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஜெரோமுக்கு முகம் மாறியது. "எங்க அம்மைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதாம்லே. கடலுக்குப் போற வீடு எங்களுது." இயக்குநர் பயந்தால் நன்றாக இருக்காதே என்று "ஆக்‌ஷன்" சொன்னேன்.

பட்டறை நடத்தச் சென்னையிலிருந்து வந்திருந்த மாஸ்டரிடம் அதற்குப் பரிகாரம் இருந்தது. சினிமாவில் பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிப்பார்கள், தோஷம் கழிந்துவிடும் என்றார். ஜெரோம் எழுந்து, மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகச் சிரித்தான். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான், மறுபடியும் சிரித்தான். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

எடிட்டிங்கில் மாஸ்டர் திரையைத் தொட்டுக் காட்டினார். "பொணம் மூச்சு விடுது பாருங்க. அங்க வெட்டுங்க." வயிறு ஏறி இறங்கிய இடங்களையெல்லாம் வெட்ட வெட்ட, அவன் நிஜமாகவே செத்துப்போனவன் மாதிரி ஆகிவிட்டான். பின்னால் நின்று பார்த்த ஜெரோம், "போதும்லே" என்று வெளியே போய்விட்டான்.

பட்டறை முடிந்த அன்று, அடுத்து வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று, முடித்த படத்தை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அழித்தார்கள். எல்லா வருஷமும் அப்படித்தானாம். சிரிக்கச் சொன்னார்களே தவிர, அந்தச் சிரிப்பைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் ஜெரோம் மாமாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனான். காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. மாமாவை வேறு வள்ளத்துக்காரர்கள் தூக்கி வந்தார்கள். ஜெரோமைத் தேடினார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை.

இன்று காலை அவன் அம்மாவைக் கூப்பிட்டு, சிரிப்பு இல்லை என்றேன்.

"பின்ன என்ன இருக்கு?"

மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. "செத்துக் கெடக்குத மாதிரி ஒண்ணு இருக்கும்மா. நீங்க பாக்க வேண்டாம்."



"அதையே அனுப்புய்யா" என்றார்கள். "வெறும் பெட்டியத்தான அடக்கம் பண்ணுனோம். அவன் மொகத்த நான் பாக்கவே இல்லய்யா."