கண் பிடரியிலையோ?

என் மடத்தனத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். வேறு எங்கே தொடங்கினாலும் கதை சுற்றிச் சுழன்று அங்கேதான் வந்து நிற்கும். உலகத்தில் எத்தனையோ பெரிய அணிகள் இருக்க, வார நாட்களில் தபால் போடுகிறவரும் வயரிங் செய்கிறவரும் சனிக்கிழமைகளில் சேர்ந்து விளையாடுகிற ஒரு உள்ளூர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு உயிரைக் கொடுத்தவன் நான். அது முதல் மடத்தனம். அந்த மைதானத்தில் நின்று தமிழில் ஏசினால் ஒருவருக்கும் விளங்காது என்று நம்பியது இரண்டாவது. இரண்டாவதுதான் பெரியது.

மைதானம் வட லண்டனில், எட்மண்டன் பக்கம். ஒரு புறம் சுப்பர்மார்க்கெட்டின் கார் பார்க், மறுபுறம் டயர் கடை. இருநூறு பேர் வந்தால் அன்றைக்குத் தேர்த் திருவிழா. தகரக் கொட்டிலில் விற்கும் தேநீர், கோப்பை கழுவிய தண்ணீரை விடக் கொஞ்சம் சூடாக இருக்கும். நான் இல்ஃபோர்டிலிருந்து காரோட்டிக்கொண்டு அதைக் குடிக்கப் போவேன். "வீட்டிலை போட்டுத் தந்தா ஆறவிட்டுட்டு இருப்பியள்" என்பாள் மனைவி. பதில் சொல்ல ஏலாத கேள்விகளை அவள் கேள்வி மாதிரிக் கேட்பதில்லை.

இந்தச் சின்ன மைதானங்களில் ஒரு வசதி உண்டு. நீங்கள் கத்துவது ஆட்டக்காரனுக்கும் கேட்கும், நடுவருக்கும் கேட்கும். ஒருமுறை, கொடி பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஓடும் லைன்ஸ்மன் எங்கள் ஆள் பந்து வருமுன்னே எதிராளிகளைத் தாண்டி நின்றுவிட்டான் என்று அநியாயமாக ஒரு ஒஃப்சைட் கொடுத்தபோது, என்னையறியாமல் தமிழ் வந்துவிட்டது: "கண் என்ன பிடரியிலையோ?" தடுக்கி விழுந்த ஒவ்வொரு யாழ்ப்பாணப் பிள்ளையும் தாயிடம் வாங்கிய கேள்வி அது. ஆங்கிலத்தில் ஏசியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். தமிழுக்கு யார் வழக்கு வைப்பது?

பக்கத்தில் நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, வெள்ளைக்காரர். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கண் பார்வையைத் திருத்துகிற பழைய மந்திரம் என்றேன். அடுத்த சனிக்கிழமை அவரும் அதைச் சொன்னார். கொஞ்ச நாளில் கோல் போஸ்டுக்குப் பின்னால் நிற்கும் எங்கள் கூட்டம் முழுவதும் மூன்று கைதட்டலோடு "கண் பிடரியிலையோ" என்று பாடத் தொடங்கிவிட்டது. லண்டனில் தமிழ் வளர்க்கிறேன் என்று வீட்டில் வந்து பெருமையடித்தேன். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்த என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த மகள் வளர்ந்து, லூயிஷாம் பக்கம் தனி வீடு எடுத்து, வேலைக்கும் போய்க்கொண்டு, சனி ஞாயிறுகளில் நடுவர் வேலை பழகினாள். ஏன் பிள்ளை இந்த ஏச்சு வாங்கிற தொழில் என்று கேட்டதற்கு, "நீங்கள் கத்திறதைக் கேட்டுத்தான், அப்பா. நல்ல லைன்ஸ்மன் தட்டுப்பாடு எண்டு விளங்கினது" என்றாள். வாய் மட்டும் என்னைப் போல.

போன பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் இதே பிரிவில் இருப்போம், இல்லாவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான். காலையில் மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, உங்கட மட்ச்சிலை லைன்ஸ்மன் ஒராளுக்குச் சுகமில்லையாம். என்னை வரச் சொல்லுகினம்."

"எங்கட மட்ச்சுக்கோ? அப்பா அந்தக் கழகத்தின்ர ஆள் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னனான். டிக்கெட் வாங்கிப் பாக்கிற ஆள்தானே, பரவாயில்லையாம். அவைக்கு உங்களைத் தெரியாது."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தத் தரத்திலை எனக்கு இதுதான் முதல் மட்ச், அப்பா. வராதேங்கோ எண்டு சொல்ல மனமில்லை. வந்தால் வாயைத் திறக்காதேங்கோ. அது ஒண்டுதான் கேக்கிறன்."

"சத்தியமாத் திறக்கமாட்டன்."

குசினியிலிருந்து மனைவி போனுக்கு எட்டும்படியாகச் சொன்னாள்: "வாய் இல்லாட்டி உந்த மனிசனை எப்பவோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பிள்ளை, மட்ச் முடிய அப்பாவோடை வீட்டை வா. நண்டு வாங்கியிருக்கிறன்."

"ஓம் அம்மா, வாறன்." மாதக்கணக்கில் வேலை, வேலை என்று வராதவள், வருகிறேன் என்றாள்.

வழியில் ஒரு பை டொஃபி வாங்கினேன். வாயை மூடிவைக்க வேறு வழி எனக்குத் தெரியாது. எத்தனையோ லைன்ஸ்மன்களை வாயடைக்க வைத்த வீரன், தன் வாயை அடைக்க டொஃபி வாங்கினான்.

முதல் பாதி சுகமாகப் போனது. எங்கள் அணி கோல் அடிக்கப் போகும் பக்கத்தில் நாங்கள் நின்றோம். மகள் மறுகோடியில், கறுப்புச் சட்டையோடு, தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினாள். அழகாக ஓடினாள். அவளைப் பார்த்ததில் நாங்கள் அடித்த கோலையே நான் காணவில்லை. அவர்களும் ஒன்று அடித்தார்கள்.

"என்ன, இண்டைக்குச் சேர்ச்சுக்கு வந்தமாதிரி நிக்கிறாய்?" என்று பஸ் சாரதி கேட்டார். ஆங்கிலத்தில்தான், என் காதில் விழுந்தது இப்படி. டொஃபியைக் காட்டினேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. இடைவேளையில் அணிகள் பக்கம் மாற, ரசிகர்களும் தேநீர்க் கோப்பையோடு மைதானத்தைச் சுற்றி நடந்து மறுகோடிக்குப் போவோம், எங்கள் அணி தாக்கும் கோலுக்குப் பின்னால் நிற்பதற்கு. நான் அன்றைக்கு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்த்தேன். "காலிலை வருத்தமோ?" என்று தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே மகள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் எங்கள் ஆளுக்கு எதிராக அவள் கொடி தூக்கினாள். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. பாட்டைத் தொடங்குவது எப்போதும் நான்தானே. நான் டொஃபியைச் சப்பினேன். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துப் பஸ் சாரதியே தொடங்கினார். கண் பிடரியிலையோ! மூன்று கைதட்டல். அறுபது எழுபது வெள்ளைக்காரர் என் மகளை என் தமிழில் ஏசினார்கள்.

அவள் தோள் ஒருதரம் அசைந்தது. திரும்பவில்லை. லைன்ஸ்மன் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவள் பழகிய முதல் பாடம்.

"நிப்பாட்டுங்கோ. அது என்ர மகள்" என்றேன்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். "போன மாதம் கோல் கீப்பர் உன்ர மச்சான் எண்டாய்!" என்றார் பஸ் சாரதி. உண்மைதான், சொன்னேன். "அதுக்கு முதல் கழகத்தை வாங்கப் போறன் எண்டாய்!" அதையும் சொன்னேன். வருடக்கணக்காகப் பகிடி விட்டவன் ஒரே ஒரு முறை உண்மை சொன்னால், அதுதான் எல்லாவற்றிலும் நல்ல பகிடியாகிவிடுகிறது. பாட்டு இன்னும் பலத்தது. ஒவ்வொரு கொடிக்கும் பாடினார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். நான் மட்டும் வாய் திறக்கவில்லையே என்று ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் எழுதுகிறேன்.

கடைசி நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. வலதுபக்கத்திலிருந்து பந்து வந்தது. எங்கள் தபால்காரர் எழும்பித் தலையால் அடித்தார். வலை குலுங்கியது. ஆளை ஆள் கட்டிப்பிடித்தோம். பஸ் சாரதியின் தேநீர் என் சட்டையில். தப்பிவிட்டோம் என்று நினைத்த அந்த நொடியில், மைதானத்தின் ஓரத்தில் கொடி உயர்ந்து நின்றது.

பாடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அந்த அமைதிக்குள் ஒரே ஒரு குரல், சரியான உச்சரிப்போடு:

"கண் என்ன பிடரியிலையோ?"

டொஃபி காலடியில் கிடந்தது.

அப்போது அவள் திரும்பினாள். அன்று முழுவதும் அந்த ஒரு தடவைதான். கூட்டத்தில் தேடவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். பிறகு கொடியைத் தாழ்த்தி, கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடிந்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டோம். யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். பஸ் சாரதி வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பந்து புறப்படும்போதே தபால்காரர் எதிராளிகளைத் தாண்டி ஒரு முழு ஆள் நீளத்துக்கு முன்னால் நின்றார். கண் பிடரியில் இருந்தது யாருக்கு என்று எனக்கு அங்கேயே விளங்கியது.

கார் பார்க்கில் காத்திருந்தேன். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள், பின் சீற்றில் பையைப் போட்டாள், முன்னால் ஏறினாள். நோர்த் சேர்க்குலர் ரோட்டில் வழக்கம்போல நெரிசல். மன்னிப்புக் கேட்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. வசனத்தையும் மனதுக்குள் செய்து வைத்திருந்தேன். நண்டுக் கறி ஆறப்போகிறது என்று தொடங்கினால் லேசாக இருக்கும் என்றுகூட யோசித்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்:

"எண்டாலும் பிள்ளை, கொடியை ஒருக்கால் யோசிச்சுத் தூக்கியிருக்கலாம், என்ன?"

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்னை ஸ்டேஷனிலை இறக்கிவிடுங்கோ, அப்பா."