கூட்டாத வீடு

அக்கா என்னை ஓர் இங்கிலீஷ் படத்துக்கு அழைத்துப் போனாள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கோ அப்போது தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். சிம்மக்கல்லில் ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கோச்சடையில் டவுன் பஸ் ஏறினாள். துணிக்கடைப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

தியேட்டரில் கூட்டம் குறைவு. தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் கிணற்று மோட்டார் மக்கர் செய்தால் வந்து சரிபண்ணும் அண்ணன். அவரும் அதே படத்துக்கு, அதே வரிசைக்கு வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார்.

படத்தில் ஒரு பெரிய லாட்ஜ். அங்கே ஒரு லிஃப்ட். அதற்குள் முழு ஆளாக நுழைகிறவர்கள் விரல் உயரத்துக்குச் சுருங்கி வெளியே வந்தார்கள். அவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் காதிலும் விழவில்லை.

“எப்படிண்ணே சின்னதாயிட்டாங்க?” என்று கேட்டேன்.

“கரண்டு கூடிப்போச்சு மாப்ள. கரண்டு கூடுனா எது வேணா நடக்கும்.”

மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் என்னை மாப்ள என்றதும் அக்கா ஏனோ குனிந்து சிரித்தாள்.

லாட்ஜைக் கூட்டுகிற அம்மாள் பாட்டுப் பாடிக்கொண்டே துடைப்பத்தை வீசினாள். சுருங்கிய ஆட்கள் தூசியோடு தூசியாக உருண்டார்கள். தியேட்டரே சிரித்தது. நான் அக்காவின் தாவணியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் குப்பையை அள்ளும் நேரம் பார்த்து, “வாடா, நேரமாச்சு” என்று அக்கா எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். “அவங்கள்லாம் என்ன ஆவாங்கண்ணே?”

“யாராச்சும் தேடுனா பொழைச்சுக்கிருவாங்க மாப்ள. குப்பையோட வெளிய போயிட்டா அம்புட்டுதான்.”

“சும்மா இருங்க, பய தூங்க மாட்டான்” என்றாள் அக்கா.

அவள் சொன்னபடியே எனக்குச் சில நாள் தூக்கம் வரவில்லை. பிறகு மறந்துபோனேன்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது அக்காவின் பாய் விரித்தபடி கிடந்தது. அவளைக் காணவில்லை. கீழக்குயில்குடியிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பகலிலேயே வாசல் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா எங்கம்மா?”

“இங்கனதான் இருப்பா, போடா” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

அக்காவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. செருப்பு இல்லாமல் அவள் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டாள். அப்படியானால் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: “எல்லாம் அந்த மோட்டார்க்காரப் பய வேலைண்ணே.”

கரண்டு கூடினால் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று அந்த அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது.

நான் சிறுவயதிலிருந்தே கூச்சக்காரன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. காலைத் தரையில் அழுத்தி வைக்கப் பயந்து நுனிக்காலில் நடந்தேன். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். ஆட்டுக்கல் குழிக்குள் பார்த்தேன். எறும்பு வரிசை போன வழியெல்லாம் குனிந்துகொண்டே போனேன். கொல்லைக் கதவு வழியாகக் கோழி ஒன்று உள்ளே வந்து தரையில் எதையோ கொத்தியபோது என் உயிரே போய்விட்டது. அதைத் துரத்திவிட்டு, கொத்திய இடத்தைத் தடவிப் பார்த்தேன். வெறும் நொய்தான்.

உச்சிப்பொழுதில் அப்பா வாய் திறந்தார்.

“இன்னையோட அவ இல்ல. வீட்டைக் கூட்டிக் கழுவி விடு. எல்லாரும் தலையை முழுகிருவோம்.”

பிணம் எடுத்த வீட்டைத்தான் அப்படிக் கழுவிவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கொல்லையில் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது. சித்தப்பா அண்டாவில் தண்ணீர் பிடித்தார். அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டின் நடுவில் வந்து நின்றாள்.

நான் ஓடிப்போய் அவள் காலடியில் குப்புற விழுந்தேன்.

“கூட்டாதம்மா! அக்கா கீழதான் இருக்கா! குப்பையோட வெளிய போட்டுட்டா அம்புட்டுதான்மா!”

சித்தப்பா வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். நான் நிலைப்படியைக் கட்டிக்கொண்டு கத்தினேன். “விடுடா அவனை” என்றார் அப்பா. சித்தப்பா விட்டதும் மறுபடி தரையில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

“கூட்டுடின்னா என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?”

“புள்ள கெடக்கானே, எப்படிக் கூட்டுறது?”

“அவன் சின்னப் பய. உனக்குப் புத்தி எங்க போச்சு?”

“அவன் எந்திரிக்கட்டும், கூட்டுறேன்.”

அம்மா அப்பாவுக்கு அப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. நானா எழுந்திருப்பேன்? கையையும் காலையும் அகலப் பரப்பிக்கொண்டேன். சோறு போட்டு வைத்திருக்கிறேன் என்றுகூட அம்மா என்னை எழுப்பவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிச் சுவர் மாறியது. அண்டா நிரம்பி வழிந்து, யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலை நனையாமலே வெளியே போனார். சித்தப்பாவும் பின்னாலேயே போனார்.

விளக்குமாறு மூலைக்குப் போனது. அம்மா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அக்காவின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். வாடிய கனகாம்பரம் ஒன்று கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்து வெகு நேரம் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு அக்காவின் பாய் கிடந்த இடத்தைக் கையால் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினாள்.

“அங்க நான் பாத்துட்டேன்மா. அடுப்படியில பாரு” என்றேன்.

அம்மா சரியென்று தலையாட்டினாள். எனக்குப் பெரிய நிம்மதி. தேடுவதற்கு இரண்டு பேர் ஆகிவிட்டோம். ஆனால் அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லையே, அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அன்று முழுவதும் எனக்கு விளங்கவில்லை.